இடைக்கால இங்கிலாந்தில் குடியானவர் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய இடைக்காலம் என்றதும் கோட்டை, குதிரைவீரன், ராணி என்றுதான் நினைவு ஓடுகிறது. அந்தக் கோட்டைக்குச் சோறு போட்டவர்கள் தங்கள் வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஐரோப்பா முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது, ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அதனால் பதிவுகள் நிறையக் கிடைக்கும் இங்கிலாந்தை, ஏறக்குறைய 1250 முதல் 1400 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குடியானவர்கள் எல்லோரும் அடிமைகளா?

இல்லை. சுதந்திரமான குடியானவர்களும் இருந்தார்கள், பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களும் இருந்தார்கள். கட்டுண்டவருக்கு ‘வில்லன்’ என்று பெயர். நம் சினிமாவில் வரும் வில்லன் இதே சொல்தான். பண்ணையில் உழைக்கிறவன் என்ற பொருள், மேட்டுக்குடியினர் வாயில் புழங்கிப் புழங்கி ‘கெட்டவன்’ என்று ஆகிவிட்டது. உழைத்தவனின் பெயர் வசைச்சொல் ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு உறுத்தும்.

வில்லனைச் சந்தையில் நிறுத்தி விற்பதில்லை. ஆனால் பண்ணை கைமாறினால் அவரும் குடும்பத்தோடு கைமாறுவார். பல பண்ணைகளில் வாரத்துக்கு 2, 3 நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அனுமதி வாங்கி வெளியூரில் போய்த் தங்கினால் அதற்கும் ஆண்டுதோறும் கட்டணம். ஒரு குடும்பம் உழுது பிழைக்கும் நிலத்தில் முழுப் பங்கு என்பது சுமார் 30 ஏக்கர். பலர் கையில் இருந்தது அதில் பாதி. அதற்கும் கீழே, 2, 3 ஏக்கரை வைத்துக்கொண்டு கூலி வேலையில் காலம் தள்ளிய குடும்பங்கள் ஏராளம்.

எழுதப் படிக்கத் தெரியாத மக்களின் வீட்டு விஷயம் நமக்கு எப்படித் தெரியும்?

அவர்களிடம் காசு வாங்கியவர்கள் எழுதி வைத்ததால் தெரியும். ஒவ்வொரு பண்ணைக்கும் பிரபுவின் வழக்கு மன்றம் ஒன்று உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை கூடும். யார் மகளுக்குக் கல்யாணம், யார் செத்தார், யார் நிலம் யாருக்குப் போனது, யாருடைய பன்றி யார் தோட்டத்தை மேய்ந்தது, யார் எவ்வளவு அபராதம் கட்டினார் என்பதெல்லாம் லத்தீனில் தோல் சுருளில் ஏறும். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இப்படிப்பட்ட சுருள்கள் கிடைக்கின்றன. இன்னொன்று, திடீர்ச் சாவுகளை விசாரித்த கொரோனர்களின் பதிவுகள். 1194இல் ஏற்பட்ட பதவி அது. அப்புறம் மண்ணுக்கடியில் கிடைத்தவை: வீட்டு அடித்தளம், பானை ஓடு, பூட்டு, சாவி, எலும்பு.

இந்தப் பதிவுகளை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. காசு கைமாறிய இடத்தில்தான் எழுத்தர் பேனாவை எடுத்தார். ஒரு தாய் ராத்திரியெல்லாம் குழந்தையை மடியில் போட்டு ஆட்டியதற்கு வரி கிடையாது, அதனால் அது சுருளில் இல்லை. சுருளில் இல்லாததை வைத்து அவர்களிடம் அன்பே இல்லை என்று சொல்லிவிட்ட காலமும் ஒன்று உண்டு.

கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார்களா?

பெரும்பாலும் இல்லை. கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள், வசதி இருந்தால் வேலைக்கு ஒரு பையனோ பெண்ணோ. ஒரு வீட்டில் சராசரியாக 4, 5 பேர். தாத்தா பாட்டி இருந்தாலும் ஒரே அடுப்பில் சமைப்பது குறைவு. அதே முற்றத்தில் தனியாக ஒரு சிறு குடிசையில் இருப்பார்கள். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படம் இங்கிலாந்துக் கிராமத்துக்குச் சரியாகப் பொருந்தாது.

வீடு எப்படி இருக்கும்?

மரச்சட்டம் நிறுத்தி, இடையில் மிலாறு பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சுவர். கல் கிடைக்கும் ஊரில் கல் சுவர். மேலே வைக்கோல் கூரை. தரை மண்தான், ஆனால் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பெருக்கி நடுவில் குழிந்துபோன தரைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். அழுக்கில் புரண்ட ஜனங்கள் என்ற பேச்சுக்கு அந்தக் குழியே பதில்.

வீட்டின் நடுவில் திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை கூரை இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சன்னலில் கண்ணாடி இல்லை, மரக்கதவுதான். சில பகுதிகளில் நீள வீட்டின் ஒரு முனையில் மனிதர், மறுமுனையில் மாடு, நடுவே ஒரு நடை. குளிர்காலத்தில் மாட்டின் உடம்புச் சூடும் வீட்டுக்கு உதவியாக இருக்கும். படுக்கை என்பது வைக்கோல் திணித்த மெத்தை. பூட்டிய மரப்பெட்டி ஒன்று, முக்காலிகள், பலகை போட்டுச் சாப்பிடும் மேசை. பித்தளைப் பானை ஒன்று இருந்துவிட்டால் அது வீட்டின் சொத்து, உயிலில் பெயர் சொல்லி எழுதி வைக்கும் அளவுக்கு.

குழந்தைத் திருமணம் செய்தார்களா?

திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்று அனுமதித்தது உண்மை. ஆனால் அந்த வயதில் கட்டிவைத்தது பிரபுக்கள்தான், சொத்தையும் உறவையும் பிணைக்க. குடியானவர் வீட்டில் கல்யாணம் இருபது வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். காரணம் எளிது: தனிக்குடித்தனம் வைக்க நிலம் வேண்டும், அல்லது கொஞ்சம் காசு சேர வேண்டும். நிலம் இல்லாதவன் காத்திருந்தான். சிலர் கடைசிவரை கல்யாணமே செய்யவில்லை.

கல்யாணம் எப்படி நடக்கும்?

முறையாக என்றால் தேவாலய வாசலில். உள்ளே இல்லை, வாசலில். ஊர் பார்க்க, மாப்பிள்ளை தனக்குப் பின் மனைவிக்கு என்ன சேரும் என்பதை அங்கேயே சொல்வார். பிறகு எல்லோரும் உள்ளே போய்த் திருப்பலி. நம்மூர்த் தேவாலயங்களில் இன்றும் கல்யாணத்துக்கு முன் ‘ஓலை வாசிக்கிறார்களே’, அந்த அறிவிப்பு முறையைக் கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்கும் விதியாக்கியது 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம்.

ஆனால் வாசலுக்கே வராத கல்யாணமும் செல்லும். 12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில் உறுதிப்பட்ட சட்டம், இருவரும் மனமொத்து “உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்”, “உன்னை என் கணவனாக ஏற்கிறேன்” என்று சொல்லிவிட்டால் போதும் என்றது. பாதிரியார் வேண்டாம், சாட்சி வேண்டாம், அப்பா அம்மா சம்மதமும் வேண்டாம். மரத்தடியில், தெருவில், அடுக்களையில், படுக்கையில் சொன்ன வார்த்தைகள் எல்லாம் திருச்சபை மன்றங்களுக்கு வழக்காக வந்திருக்கின்றன. “நான் சொல்லவே இல்லை” என்று ஒருவன் மறுக்க, “சொன்னான், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்” என்று ஒருத்தி வாதாடுவாள். பெற்றோரின் விருப்பத்துக்கு வெளியே, ஏழைப் பெண்ணின் ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை கொடுத்த சட்டம் அந்தக் காலத்தில் இருந்தது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதே சட்டம் ஏமாற்றுக்கும் வழி விட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விவாகரத்து உண்டா?

இன்றைய பொருளில் இல்லை. கல்யாணமே செல்லாது என்று திருச்சபை மன்றம் தீர்ப்பு சொல்லலாம், அல்லது பிரிந்து வாழ அனுமதிக்கலாம். பிரிந்தவர் மறுமணம் செய்ய முடியாது.

புதுப்பெண்ணின் முதலிரவு பிரபுவுக்குச் சொந்தம் என்கிறார்களே?

இங்கிலாந்தின் சுருள்களில் இதற்கு ஆதாரம் கிடையாது. பின்னாளில் பரவிய கதை. உண்மையில் இருந்தது வேறு: வில்லனின் மகள் கல்யாணம் செய்ய பிரபுவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ‘மெர்ச்செட்’ என்று பெயர். வெளியூர் மாப்பிள்ளை என்றால் கூடுதல், ஏனென்றால் பிரபு ஒரு உழைப்பாளியையும் அவள் பெறப்போகும் பிள்ளைகளையும் இழக்கிறார். தொகை ஊருக்கும் வசதிக்கும் தக்கபடி மாறும். 2 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் 24 பென்னி. 1348இல் வந்த கொள்ளைநோய்க்கு முந்தைய காலத்தில் சாதாரணக் கூலியாளின் நாள் கூலி ஒன்றரை, இரண்டு பென்னி. இரண்டு வாரக் கூலி அப்படியே போய்விடும். கல்யாணமாகாமல் ஒரு பெண் உறவு கொண்டாள் என்று தெரிந்தால் அதற்கும் தனி அபராதம்.

இந்தக் கட்டணத்தைத் தகப்பன் மட்டுமே கட்டவில்லை. மணப்பெண்ணே கட்டியதாகப் பல பதிவுகள் இருக்கின்றன. பிறர் வீட்டில் பல வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசைக் கொண்டுபோய், தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்ள உத்தரவு வாங்கிய பெண்கள் அவர்கள். பெயர், தொகை, தேதி: ஒற்றை வரிதான் சுருளில் இருக்கும். அந்த வரியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன்.

பிள்ளைகள் நிறையச் செத்ததால் பாசம் வைக்காமலே இருந்தார்களாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பிறந்ததில் மூன்றில் ஒன்றோ அதற்கு மேலோ வளரும் முன்பே இறந்தது உண்மை. அதனால் மனசு மரத்துப்போனது என்பது உண்மை இல்லை.

கொரோனர் பதிவுகளைப் பாருங்கள். தொட்டிலை அடுப்போரம் வைத்துவிட்டுத் தாய் தண்ணீருக்குப் போகிறாள். கோழியோ பன்றியோ உள்ளே புகுந்து கொள்ளியைக் கிளறுகிறது. வைக்கோலில் பொறி விழுகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை கிணற்றில், பள்ளத்தில், கொதிக்கும் பானையில் விழுகிறது. இவை திரும்பத் திரும்ப வருகின்றன, பெரும்பாலும் வயல்வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில். குழந்தையைக் கொன்ற பானைக்குக்கூட விலை மதித்து, அந்தத் தொகையை அரசருக்கு எடுத்துக்கொள்வார்கள். சாவுக்குக் காரணமான பொருள் அரசருக்குச் சேரும் என்பது அன்றைய சட்டம். துக்க வீட்டில் வந்து பானைக்கு விலை போடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அதே பதிவுகளில் வீடு பற்றி எரியும்போது குழந்தைக்காகத் திரும்ப உள்ளே ஓடி உயிரை விட்ட தாயும் இருக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது அது. குழந்தையைத் தனியாக விட்டுப் போனது அலட்சியம் என்று பதிவு எழுதியவர்களே சில இடங்களில் குறித்திருக்கிறார்கள். அப்படியென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஊரில் இருந்தது என்றுதானே பொருள்?

யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தின் எலும்புகளும் பேசுகின்றன. அங்கே தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள் 700ஐ நெருங்கும். எலும்பிலுள்ள நைட்ரஜனை ஆராய்ந்ததில், குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் கொடுத்தது தெரிந்தது. பால் குடித்த காலத்தில் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்திருக்கிறார்கள். பால் மறக்கடித்த பிறகுதான் வளர்ச்சி பின்தங்குகிறது. அந்த ஊர்ப் பத்து வயதுப் பிள்ளை இன்றைய பத்து வயதுப் பிள்ளையைவிட ஏறக்குறைய 20 செ.மீ. குட்டை. தாயால் தன் உடம்பிலிருந்து கொடுக்க முடிந்தவரை குறை வரவில்லை. ஊர் தானியத்தை நம்ப வேண்டி வந்ததும் குறை வந்துவிட்டது.

ஏன் எல்லோருக்கும் ஜான், வில்லியம், ஆக்னஸ், ஆலிஸ் என்றே பெயர்?

பெயர் வைத்தது பெரும்பாலும் ஞானப்பெற்றோர், அதாவது திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்றவர்கள். வைத்தது தங்கள் பெயரை. பிறந்த அன்றோ மறுநாளோ திருமுழுக்கு நடந்துவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஒரே வீட்டில் உயிரோடு இரண்டு ஜான் இருந்ததும் உண்டு.

பெண்களின் வேலை என்ன?

1381இல் நடந்த குடியானவர் கிளர்ச்சியில் ஜான் பால் என்ற பாதிரியார் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி ஒன்று: ஆதாம் மண்ணைக் கொத்த, ஏவாள் நூல் நூற்றபோது, கனவான் எவன்? ஆணுக்கு வயல், பெண்ணுக்கு நூல் என்ற பிரிவினை அதில் தெரிகிறது. விபத்துப் பதிவுகளும் அதையே காட்டுகின்றன. ஆண்கள் வயலில், வண்டியடியில், காட்டில் சாகிறார்கள். பெண்கள் வீட்டருகே, கிணற்றடியில்.

ஆனால் வீட்டைச் சுற்றி என்பது சும்மா இருந்ததாக ஆகாது. தண்ணீர், விறகு, கோழி, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, காய்த்தோட்டம், களையெடுப்பு, நூற்பு. அறுவடை வந்தால் அரிவாளோடு அவளும் வயலில்தான். இதோடு ஏல் காய்ச்சுவது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, காய்ச்சி, புளிக்க வைக்கும் மது அது. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்க்காத ஏல் சில நாளிலேயே புளித்துக் கெட்டுவிடும். அதனால் இந்த வாரம் ஒருத்தி காய்ச்சி அண்டைவீட்டுக்கு விற்பாள், அடுத்த வாரம் இன்னொருத்தி. வாசலில் கழி ஒன்றை நீட்டி வைத்தால் ஏல் தயார் என்று பொருள். சோதிக்க ஆள் வந்து சுவைத்துப் பார்ப்பார். அபராதப் பட்டியலில் ஏல் காய்ச்சிய பெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. உண்மையில் அது அபராதம் என்ற பெயரில் வாங்கிய உரிமக் கட்டணம்தான்.

மாவு அரைப்பதும் சண்டைக்குரிய விஷயம். பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். வீட்டில் எந்திரக்கல் வைத்திருந்தால் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்து அதிபர் ஊரார் வீடுகளிலிருந்து எந்திரக்கற்களைப் பறித்து மடத்தின் கூடத்துக்குத் தளமாகப் பதித்துவிட்டார். ஐம்பது வருஷம் ஆகியும் ஊர் மறக்கவில்லை. 1381இல் மக்கள் உள்ளே புகுந்து, அந்தக் கற்களைப் பெயர்த்து உடைத்து, தேவாலயத்தில் மந்திரித்த அப்பத்தைப் பகிர்வதுபோல் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

என்ன சாப்பிட்டார்கள்?

பட்டாணி, மொச்சை வகைகள், பார்லி, ஓட்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டுத்தாள் எல்லாம் போட்டு நாள் முழுக்க அடுப்பில் கிடக்கும் ‘பாட்டேஜ்’. கூழுக்கும் குழம்புக்கும் இடைப்பட்டது. அதோடு ரை என்ற தானியத்தின் மாவிலோ பார்லி மாவிலோ சுட்ட கரிய ரொட்டி. இருந்தால் உப்புக்கண்டப் பன்றி, முட்டை, பாலாடைக்கட்டி. உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து இன்னும் வரவில்லை. தண்ணீரே குடிக்காமல் ஏல் மட்டும் குடித்தார்கள் என்பது கட்டுக்கதை.

பிள்ளைகள் எப்போது வேலைக்குப் போவார்கள்?

சின்னதில் தம்பி தங்கையைப் பார்ப்பது, வாத்து மேய்ப்பது, விதைத்த வயலில் பறவை விரட்டுவது, சுள்ளி பொறுக்குவது. 12 வயதில் பையன் ஊர்க்காவல் குழுவில் சேர்ந்து சத்தியம் செய்ய வேண்டும், சட்டத்தின் கண்ணில் பொறுப்புள்ளவன் ஆகிறான். அதற்குப் பிறகு பலர், ஆணும் பெண்ணும், வேறு வீட்டில் வருஷக் கூலிக்குத் தங்கி வேலை பார்ப்பார்கள். பெற்றோருக்கு ஒரு வாய் குறையும், பிள்ளைக்குக் கல்யாணக் காசு சேரும்.

அப்பா இறந்தால் நிலம் யாருக்கு?

வழக்கத்தைப் பொறுத்தது. பல ஊர்களில் மூத்த மகனுக்கு. கென்ட் பகுதியில் எல்லா மகன்களுக்கும் பங்கு. சசெக்ஸ் போன்ற இடங்களில் கடைக்குட்டிக்கு. மகன் இல்லையென்றால் மகள்களுக்கு.

அதற்கு முன் ஒரு சடங்கு. வில்லன் இறந்ததும் வீட்டின் மிகச் சிறந்த மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். அதற்கு அடுத்த சிறந்ததைப் ஊர்த் தேவாலயப் பாதிரியார் எடுத்துக்கொள்வார். பிறகு நிலத்தைப் பெயர் மாற்ற மகன் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். உழவனை இழந்த வீடு அதே வாரத்தில் உழவு மாட்டையும் இழக்கும். இதைவிடக் கொடிய வரியை நான் வாசித்ததில்லை.

விதவைக்கு?

நிலத்தில் அவளுக்குப் பங்கு உண்டு. வழக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒன்று, பாதி, சில பண்ணைகளில் முழுவதும். உயிரோடு இருக்கும்வரை. மன்றத்தில் தன் பெயரில் வழக்காடலாம், ஆள் வைத்து உழலாம். மறுமணம் செய்தால் சில ஊர்களில் நிலம் போய்விடும். கொள்ளைநோய்க்கு முன், நிலத்துக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்த காலத்தில், நிலமுள்ள விதவையைக் கட்ட இளைஞர்கள் போட்டி போட்டார்கள்.

வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இதற்கு ஒரு வீட்டையே காட்டுகிறேன். பெட்ஃபர்ட்‌ஷயரில் கிரான்ஃபீல்ட் என்ற ஊர், 1294ஆம் ஆண்டு. எலியாஸ் டி பிரெட்டண்டன் என்பவர் தன் வீட்டையும் அரைப்பங்கு நிலத்தையும் மகன் ஜானிடம் ஒப்படைக்கிறார். நிபந்தனை மன்றத்தில் பதிவாகிறது. எலியாசும் மனைவி கிறிஸ்டினும் உயிரோடு இருக்கும்வரை அதே வீட்டில் தங்குவார்கள், தகுந்த உணவும் பானமும் மகன் தர வேண்டும். அப்படி நேரக் கூடாது, ஒருவேளை சண்டை சச்சரவு வந்து சேர்ந்து வாழ முடியாமல் போனால், மகன் அவர்களுக்குக் கௌரவமாகத் தங்க ஒரு வீடும் தோட்டமும் தர வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் வரும் மிக்கேல் திருநாளுக்கு 3 குவார்ட்டர் கோதுமை, ஒன்றரை குவார்ட்டர் பார்லி, ஒன்றரை குவார்ட்டர் பட்டாணியும் மொச்சையும், 1 குவார்ட்டர் ஓட்ஸ் அளக்க வேண்டும். ஒரு குவார்ட்டர் என்பது சுமார் 290 லிட்டர். இருவர் சாப்பிடத் தாராளம்.

“அப்படி நேரக் கூடாது” என்ற சொற்களைக் கவனியுங்கள். மகனை நம்பாமல் எழுதியது இல்லை. நம்பிக்கை உடைந்தாலும் அம்மா அப்பா பட்டினி கிடக்கக் கூடாது என்று எழுதியது. சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு மகன் கையை எதிர்பார்த்து நிற்கும் பெற்றோரின் கதை நமக்குத் தெரியாததா? இத்தகைய ஒப்பந்தங்களில் அடுப்பருகே உட்கார இடம், உடுப்பு, காலணி, ஆப்பிள் மரத்தில் பங்கு வரை எழுதினார்கள். மகன் மீறினால் பெற்றோர் மன்றத்துக்குப் போகலாம், போனார்கள். பிள்ளையில்லாதவர்கள் உறவல்லாத ஒருவரோடும் இப்படி எழுதிக்கொண்டார்கள். எதுவுமே எழுத இல்லாத ஏழைகளுக்கு அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் உரிமை, பக்கத்து வீட்டார், தேவாலயம்.

பஞ்சமும் கொள்ளைநோயும் குடும்பத்தை என்ன செய்தன?

1315 முதல் 1317 வரை விடாத மழை, பயிர் அழுகியது. மக்களில் பத்தில் ஒருவருக்குக் குறையாமல் இறந்ததாகக் கணிக்கிறார்கள். 1348, 49இல் வந்த கொள்ளைநோய் மூன்றில் ஒருவரை, பல ஊர்களில் பாதிப்பேரைக் கொண்டுபோனது. அந்த ஆண்டின் சுருள்களில் ஒரு நிலம் அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் தம்பி, பிறகு தூரத்து உறவு என்று சில மாதத்துக்குள் கைமாறி, கடைசியில் “வாரிசு வரவில்லை” என்று முடிகிறது.

பிழைத்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, கூலி ஏறியது. 1351 சட்டம் கூலியை நோய்க்கு முந்தைய அளவில் கட்டிப்போடப் பார்த்தது, முழுதாக முடியவில்லை. 1381 கிளர்ச்சியில் பல ஊர்க் குடியானவர்கள் முதலில் தேடி எடுத்து எரித்தது பண்ணை மன்றச் சுருள்களைத்தான். தங்கள் பாட்டன் வில்லன் என்பதற்கும், தங்கள் பெண்ணின் கல்யாணத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்பதற்கும் சாட்சி அதில்தான் இருந்தது.

இந்த வீடுகளை இன்று பார்க்க முடியுமா?

முடியும். வாரம் பெர்சிக்கு நடந்துதான் போக வேண்டும். கூரையில்லாத தேவாலயம் நிற்கிறது, அதைச் சுற்றி மேட்டில் புல் மூடிய திட்டுகளாக வீடுகளின் சுவர்கோடு தெரியும். சசெக்ஸில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லாந்து அருங்காட்சியகத்தில், ஹாங்கிள்டன் என்ற ஊரில் அகழ்ந்த 13ஆம் நூற்றாண்டுக் குடிசையை அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டே அறைகள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.